தொலை வழங்கிகளில் செயலற்ற நேரப் பூட்டு

செயலற்ற நேரப் பூட்டு என்பது, விசைப்பலகையும் சுட்டெலியும் குறிப்பிட்ட நேரம் வரை பயன்படுத்தப்படாதபோது, கணினியின் இயங்குதளம் தானாகவே திரையை மறைத்து மீண்டும் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடாகும். முன்னால் அமர்ந்து பயன்படுத்தும் மேசைக் கணினியில் இது எளிய பாதுகாப்பு. வேறோர் ஊரில் உள்ள வழங்கியை வலையமைப்பு வழியாக இயக்குவோருக்கோ இது தொல்லையாகத் தோன்றுவது உண்டு. ஓடிக்கொண்டிருந்த பணி நின்றுவிட்டதாகக் கருதி, பூட்டை அடியோடு நீக்கிவிட முனைவோர் பலர். உண்மையில் பூட்டு எந்தப் பணியையும் நிறுத்துவதில்லை. பணி நின்றிருந்தால் அதற்கு வேறு காரணம் உண்டு. அக்காரணத்தைக் கண்டறிந்தால் பூட்டை நீக்கும் தேவை பெரும்பாலும் எழாது.

இக்கட்டுரை பூட்டின் இயல்பையும், விண்டோஸ், லினக்ஸ் வழங்கிகளில் அதைக் கட்டுப்படுத்தும் முறைகளையும், அதை நீக்குவதால் வரும் இடர்களையும் விளக்குகிறது. தொலைவில் இருந்தே கண்காணிக்கப்படும் இயந்திரங்கள் மிகுந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் காற்றாலைப் பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

நான்கு வேறு நிகழ்வுகள்

"வழங்கி பூட்டிக்கொண்டது" என்று பயனர் கூறும்போது அது பின்வரும் நான்கில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம்.

முதலாவது, பூட்டு. திரை மறைக்கப்படுகிறது, அமர்வு அப்படியே இருக்கிறது, நிரல்கள் தொடர்ந்து ஓடுகின்றன. கடவுச்சொல்லை இட்டால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

இரண்டாவது, துண்டிப்பு. பயனரின் கணினிக்கும் வழங்கிக்கும் இடையிலான இணைப்பு மட்டும் அறுகிறது. விண்டோஸ் தொலைமேசையில் அமர்வு வழங்கியிலேயே தங்கியிருக்கும். மீண்டும் இணைந்தால் அதே அமர்வு கிடைக்கும். யுனிக்ஸ் முனையத்தில் நிலைமை வேறு. அங்கு இணைப்பு அறுந்தால் அம்முனையத்தில் இருந்து தொடங்கிய நிரல்களும் பொதுவாக முடிக்கப்படும்.

மூன்றாவது, விடுபதிகை. அமர்வே முடிக்கப்படுகிறது. சேமிக்காத கோப்புகள் இழக்கப்படும். அவ்வமர்வில் ஓடிய நிரல்கள் மூடப்படும். பயனர் அஞ்ச வேண்டியது உண்மையில் இதற்குத்தான்.

நான்காவது, உறக்கம். மின்சாரத்தைச் சேமிக்கக் கணினியே அரைத்துயிலில் ஆழ்கிறது. அந்நிலையில் எந்த நிரலும் ஓடாது. தொலைவில் இருந்து இணையவும் இயலாது. வழங்கிக்கென்று உருவாக்கப்பட்ட இயங்குதளங்கள் பொதுவாகத் தாமாக உறங்குவதில்லை. ஆனால் சிறு அலுவலகங்களில் சாதாரண மேசைக் கணினியையே வழங்கியாகப் பயன்படுத்துவது வழக்கம். அங்குத் திங்கட்கிழமை காலையில் வழங்கி பதிலளிக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது உறக்க அமைப்பையே.

இவற்றை வேறுபடுத்தி அறிய ஓர் எளிய வழி உண்டு. மீண்டும் இணைந்து கடவுச்சொல்லை இட்டதும் பழைய சாளரங்கள் அப்படியே இருந்தால் நடந்தது பூட்டு அல்லது துண்டிப்பு. வெற்று மேசைத்திரை வந்தால் விடுபதிகை அல்லது மறுதொடக்கம். இணையவே இயலாவிட்டால் உறக்கம், மின்தடை, வலையமைப்புக் கோளாறு ஆகியவற்றை ஆராய வேண்டும்.

நாஞ்சில் நாட்டுக் காற்றாலைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்முனையில் உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து வீசுகிறது. இதனால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் 1990களில் இருந்து காற்றாலைகள் பெருமளவில் நிறுவப்பட்டன. மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே இங்குக் காற்று மிகும் காலம். ஆண்டு வருவாயின் பெரும்பகுதி இம்மாதங்களில் கிடைப்பதால், அப்போது ஓர் இயந்திரம் சில மணி நேரம் நின்றாலும் உரிமையாளருக்கு இழப்பே.

நவீன காற்றாலை ஒவ்வொன்றிலும் அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று கோபுரத்திலேயே இருக்கும். காற்றின் திசைக்கு ஏற்பத் திரும்புவதும், காற்று எல்லை மீறினால் இயந்திரத்தை நிறுத்துவதும் அதன் வேலை. பல காற்றாலைகளின் தரவுகளைத் திரட்டும் வழங்கி, பண்ணையின் துணைமின் நிலையத்திலோ கட்டுப்பாட்டு அறையிலோ வைக்கப்படுகிறது. அதனுள் தொலைவில் உள்ள அலுவலகங்களில் இருந்து பொறியாளர்கள் தொலைமேசை வழியாக நுழைகின்றனர்.

இந்திய மின்கட்டமைப்பில் ஒரு நாள் 15 நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் மின்னுற்பத்தி முன்கூட்டியே அட்டவணைப்படுத்தப்படுகிறது. முன்கணிப்புக்கு இடையறாத தரவு தேவை. செயலற்ற நேரப் பூட்டுக்கு உலகெங்கும் பெரிதும் பரிந்துரைக்கப்படும் அளவும் 15 நிமிடங்களே. இது தற்செயலான ஒற்றுமைதான். ஆயினும் தரவை அனுப்பும் நிரல் ஒரு பயனரின் திரையை நம்பி ஓடுமானால், அவர் தேநீர் அருந்தச் சென்று திரும்புவதற்குள் ஒரு பகுதிக்கான தரவு விடுபட்டுப்போகலாம்.

தொலைத்தொடர்பு அறுந்தாலும் இயந்திரம் நிற்கக் கூடாது என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சான்று உண்டு. 2022 பிப்ரவரி 24 அன்று வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணையச் சேவை மீது நடந்த இணையத் தாக்குதலால், செருமனியின் எனர்கான் நிறுவனம் அமைத்த ஏறத்தாழ 5,800 காற்றாலைகளைத் தொலைவில் இருந்து கண்காணிக்க இயலாமற் போனது. எனினும் கோபுரத்தில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவிகளின் துணையால் அவை தாமாகவே தொடர்ந்து மின்னுற்பத்தி செய்தன. பார்ப்பவரின் திரையும் வேலை செய்யும் இயந்திரமும் ஒன்றையொன்று சார்ந்திராதவாறு அமைக்கப்பட்டிருந்ததே இதற்குக் காரணம். வழங்கிகளுக்கும் இதுவே பொருந்தும்.

இம்மாவட்டத்தின் சொந்த அனுபவம் ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30 அன்று அப்புயல் கன்னியாகுமரிக் கடலோரத்தை ஒட்டிக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இத்தகைய வேளையில் எந்தப் பூட்டு அமைப்பும் பொருட்டன்று. மின்சாரம் திரும்பியதும் யாரும் புகுபதிகை செய்யாமலே வழங்கி தன் வேலையைத் தொடங்குமா என்பதுதான் கேள்வி.

வரலாறு

பகிரப்படும் கணினியை விட்டு எழுந்து செல்வோரின் முனையத்தைக் காப்பது பழைய தேவை. பெர்க்லி யுனிக்ஸில் இதற்கென்றே 'லாக்' என்னும் ஆணை சேர்க்கப்பட்டது. பயனரே அதைக் கொடுத்து முனையத்தைப் பூட்ட வேண்டும். இவ்வழி வந்த இயங்குதளங்களில் அதன் இயல்பிருப்பு நேரம் 15 நிமிடம். இன்றைய வழக்கத்திற்கு நேர்மாறாக, அந்நேரம் கடந்ததும் பூட்டு தானே விலகிவிடும்!

யுனிக்ஸில் இணைப்பு அறும்போது நிரல்களுக்கு அனுப்பப்படும் குறிப்பலைக்கு 'ஹேங்கப்' என்று பெயர். தொலைபேசியைக் கீழே வைப்பதையே இச்சொல் குறிக்கும். பயனர்கள் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை அடைந்த காலத்தின் எச்சம் இது. கம்பி அறுந்தால் பயனர் போய்விட்டார் என்று கணினி கருதியது. அவருடைய நிரல்களையும் முடித்துவைத்தது. எஸ்எஸ்எச் அமர்வு அறும்போது நிரல் நின்றுபோவதற்கு இன்றும் இதுவே அடிப்படை.

விண்டோஸ் குடும்பத்தில் பலர் ஒரே வழங்கியைத் தொலைவில் இருந்து பயன்படுத்தும் வசதி, 1998இல் வெளியான என்டி 4.0 இன் முனைய வழங்கிப் பதிப்புடன் வந்தது. 2009இல் இது தொலைமேசைச் சேவைகள் எனப் பெயர் மாற்றப்பட்டது. திரைக்காப்பைச் சாராமல் கணினி முழுமைக்கும் பூட்டு நேரத்தை விதிக்கும் கொள்கை, 2012ஆம் ஆண்டின் வழங்கிப் பதிப்புடன் அறிமுகமானது.

விண்டோஸ் வழங்கிகள்

விண்டோஸில் பூட்டு ஒரே இடத்தில் இருந்து வருவதில்லை. இதனால்தான் ஓர் அமைப்பை மாற்றிய பின்னரும் வழங்கி பூட்டிக்கொள்கிறது.

பழமையானது திரைக்காப்பு. அதற்கான நேரமும், மீளும்போது கடவுச்சொல் கேட்க வேண்டுமா என்பதும் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே அமையும். அடுத்தது, 'இன்டராக்டிவ் லாகான்: மெஷின் இன்ஆக்டிவிட்டி லிமிட்' என்ற பெயரில் பாதுகாப்புக் கொள்கைகளுள் காணப்படும் வரம்பு. இது நொடிகளில் குறிக்கப்படும். 0 என்பது வரம்பின்மையைக் குறிக்கும். 900 என்பது 15 நிமிடம். இது கணினி முழுமைக்குமானது என்பதால் பயனர் தம் திரைக்காப்பை நிறுத்திவைத்தாலும் பூட்டு விழும். இரண்டும் அமைந்திருந்தால் எது குறைவோ அதுவே முந்தும். இவை தவிர, சில கணினிகளில் மின்திட்டத்தில் உள்ள திரை அணைக்கும் நேரமும் பூட்டுக்கு வழிவகுக்கிறது.

நிறுவனக் களத்தில் சேர்க்கப்பட்ட வழங்கியில் இம்மதிப்புகளை உள்ளூரில் மாற்றிப் பயனில்லை. களத்தின் குழுக் கொள்கை ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை சரிபார்க்கப்படுகிறது. பாதுகாப்பு அமைப்புகள், மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும் 16 மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் திணிக்கப்படும். காலையில் சரிசெய்தது மறுநாள் பழையபடி ஆகியிருப்பதன் மருமம் இதுவே. எந்தக் கொள்கை எங்கிருந்து வருகிறது என்பதை 'ஜிபிரிசல்ட்' என்னும் ஆணை காட்டும். பதிவகத்தில் கைவைப்பதற்கு முன் அதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தொலைமேசை அமர்வுகளுக்குத் தனியாகவும் கால வரம்புகள் உள்ளன. இணைந்திருந்தும் செயலற்ற அமர்வுக்கு ஒரு வரம்பு. துண்டிக்கப்பட்ட அமர்வுக்கு ஒரு வரம்பு. முதல் வரம்பு நெருங்கும்போது இரண்டு நிமிடங்களுக்கு முன் எச்சரிக்கை தோன்றும்; பின் இணைப்புத் துண்டிக்கப்படும். அமர்வு அழிவதில்லை. ஆனால் வரம்பு எட்டியதும் அமர்வை முடித்துவிடும்படி மற்றொரு கொள்கை இயக்கப்பட்டிருந்தால், துண்டிப்புக்குப் பதிலாக விடுபதிகை நிகழும். துண்டிக்கப்பட்ட அமர்வுக்கான வரம்பு கடந்தாலும் அமர்வு முடிக்கப்படும். ஆக, நீண்ட கணக்கீட்டை இரவில் ஓடவிட்டுச் செல்வோர் ஆராய வேண்டியவை கடைசியாகச் சொன்ன இந்த இரண்டும்தான். பூட்டு நேரத்தை அவர்கள் தொடவே வேண்டியதில்லை.

திரையை நம்பும் நிரல்கள்

பூட்டு நிரலை நிறுத்துவதில்லை என்ற விதிக்கு நடைமுறையில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. சில நிரல்கள் மனிதரைப் போலவே திரையில் உள்ள பொத்தான்களைத் தேடிச் சொடுக்குபவை. பழைய மென்பொருளில் இருந்து தரவை எடுக்க வேறு வழியில்லாதபோது இத்தகைய தானியக்க நிரல்கள் எழுதப்படுகின்றன. அமர்வு பூட்டப்பட்டாலோ துண்டிக்கப்பட்டாலோ, அவற்றுக்குச் சொடுக்குவதற்குரிய மேசைத்திரை இல்லாமற் போகிறது. நிரல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் கண் கட்டப்பட்டவரைப் போல.

தொலைமேசைச் சாளரத்தைச் சிறிதாக்கினாலும் இதே சிக்கல் வரும். சாளரம் சிறிதாக்கப்பட்டதும் வழங்கி திரையை வரைவதை நிறுத்திக்கொள்கிறது. பயனர் பக்கக் கணினியின் பதிவகத்தில் 'ரிமோட்டெஸ்க்டாப் சப்ரஸ் வென் மினிமைஸ்டு' என்ற பெயரில், இடையில் ஓர் அடிக்கோட்டுடன் எழுதப்படும் மதிப்பை 2 என்று அமைத்தால் இதைத் தவிர்க்கலாம். சாளரத்தைச் சிறிதாக்காமல், வேறொரு சாளரத்தால் மறைத்துவைப்பது அதைவிட எளிது.

துண்டித்த பின்னும் திரை வேண்டுமென்போர் 'டிஎஸ்கான்' என்னும் ஆணையைப் பயன்படுத்துகின்றனர். இது தொலைமேசை அமர்வை வழங்கியின் சொந்தத் திரைக்கு மாற்றிவிடும். அமர்வு திறந்தபடியே இருப்பதால் தானியக்க நிரல் தொடர்ந்து சொடுக்கும். இதன் விலையையும் அறிந்திருக்க வேண்டும். வழங்கியின் முன்னால் சென்று நிற்பவர் எவரும், கடவுச்சொல் இன்றி, அப்பயனரின் முழு உரிமையுடன் அதை இயக்கலாம். பெரிய தரவு மையத்தில் பூட்டிய அறைக்குள் உள்ள வழங்கிக்கு இது ஓரளவு ஏற்புடையது. வெட்டவெளியில் நிற்கும் துணைமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு, பணிமுறைப்படி பலரும் வந்துபோகும் இடம் என்பதால், சற்றும் பொருந்தாது.

நிலையான தீர்வு, நிரலைத் திரையில் இருந்து விடுவிப்பதே. விண்டோஸில் இதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, நிரலைப் பின்புலச் சேவையாக நிறுவுதல். விஸ்டா, சர்வர் 2008 காலம் முதல் சேவைகள் பயனர் எவரும் நுழைய இயலாத தனி அமர்வில் ஓடுகின்றன. எனவே பூட்டு, துண்டிப்பு, விடுபதிகை எதுவும் அவற்றைத் தொடாது. மின்சாரம் போய் வந்தாலும் கணினி எழுந்ததும் அவையும் எழும். மற்றொன்று, பணி அட்டவணையில் 'பயனர் புகுபதிகை செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இயக்கு' என்ற தெரிவுடன் பணியைப் பதிதல். நாள்தோறும் குறித்த நேரத்தில் ஓடும் அறிக்கைகளுக்கு இது போதும்.

மின்தடைக்குப் பின் தானாகப் புகுபதிகை செய்யும்படி அமைப்பதும் வழக்கத்தில் உண்டு. அப்போது கடவுச்சொல் கணினியிலேயே சேமிக்கப்படுகிறது. மறையாக்கம் செய்து வைத்தாலும் அக்கணினியின் நிர்வாகி உரிமை பெற்றவர் அதை மீட்டெடுக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில், உரிமை மிகக் குறைந்த கணக்குடன் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

யுனிக்ஸ், லினக்ஸ் வழங்கிகள்

லினக்ஸ் வழங்கிகளில் பெரும்பாலும் வரைகலைத் திரையே இருப்பதில்லை. பயனர்கள் எஸ்எஸ்எச் வழியாக ஆணைவரியில் பணிபுரிகின்றனர். எனவே அங்குப் பூட்டைவிட இணைப்பு அறுதலே சிக்கல். நாகர்கோவிலில் இருந்துகொண்டு சென்னையிலோ மும்பையிலோ உள்ள மேகக் கணிமை வழங்கியில் பயிலும் மாணவர் முதலில் சந்திப்பதும் இதுவே. உணவருந்தி வந்து பார்த்தால் முனையம் உறைந்து கிடக்கும். எந்த விசைக்கும் பதில் வராது.

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பயனரின் ஆணைக்கூட்டில் அமைந்துள்ள 'டிஎம்அவுட்' என்னும் மாறி. குறித்த நொடிகள் வரை ஆணை எதுவும் தரப்படாவிட்டால் இது விடுபதிகை செய்துவிடும். ஆணைக்காகக் காத்திருக்கும் நேரம் மட்டுமே கணக்கில் வரும். ஓர் ஆணை ஓடிக்கொண்டிருக்கும்போது இது செயல்படாது.

இரண்டாவது, எஸ்எஸ்எச் வழங்கியின் அமைப்பு. 'கிளையன்ட் அலைவ் இன்டர்வல்', 'கிளையன்ட் அலைவ் கவுன்ட் மேக்ஸ்' ஆகிய இரண்டும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. முதலாவது, வழங்கி எத்தனை நொடிக்கு ஒருமுறை "இருக்கிறீர்களா?" என்று கேட்கும் என்பது. இரண்டாவது, எத்தனை முறை பதில் வராவிட்டால் இணைப்பை முடிக்கும் என்பது. இதன் இயல்பிருப்பு 3. முதலாவதை 60 என அமைத்தால், பதிலற்றுப்போன இணைப்பு ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் முடிக்கப்படும். பயனரின் கணினியில் உள்ள மென்பொருளே இக்கேள்விக்குப் பதில் தருவதால், பயனர் உறங்கினாலும் பதில் போய்ச் சேரும். அதாவது இது செயலற்ற பயனரைக் கண்டறியும் கருவி அன்று. இறந்த இணைப்பைக் கண்டறியும் கருவி.

இருந்தும் பல பாதுகாப்புக் கையேடுகள், இரண்டாவது மதிப்பை 0 என அமைத்துச் செயலற்ற பயனரை வெளியேற்றலாம் என்று பரிந்துரைத்தன. பழைய பதிப்புகளில் அது அப்படியே வேலை செய்தது. 2020 பிப்ரவரியில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2 பதிப்பில் 0 என்பதன் பொருள் மாற்றப்பட்டு, இணைப்பை ஒருபோதும் முடிக்காதே என்றாயிற்று. பழைய கையேட்டை நம்பிய நிர்வாகியின் வழங்கியில், மேம்படுத்திய அன்றே விளைவு தலைகீழாயிருக்கும். செயலற்ற அமர்வுகளை முறையாக முடிக்க 2023இல் வந்த 9.2 பதிப்பில் தனி அமைப்புகள் சேர்க்கப்பட்டன.

மூன்றாவது காரணம் வழங்கியிலும் இல்லை, பயனரிடமும் இல்லை. இடையில் உள்ள கருவிகளில் உள்ளது. வீட்டுத் திசைவி, தீச்சுவர், கைப்பேசி வலையமைப்பின் முகவரி மாற்றி ஆகியவை, தம் வழியே செல்லும் ஒவ்வோர் இணைப்பையும் ஓர் அட்டவணையில் குறித்துவைக்கின்றன. சிறிது நேரம் போக்குவரத்து இல்லையென்றால் அக்குறிப்பை அழித்துவிடும். நிலைபெற்ற இணைப்பைக் குறைந்தது 2 மணி 4 நிமிடம் காக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் இணையப் பரிந்துரை கூறினாலும், நடைமுறை அவ்வாறு இல்லை. அமேசானின் மேகச் சேவையில் முகவரி மாற்றியின் வரம்பு 350 நொடி. மைக்ரோசாப்டின் அசூர் சுமைபகிர்வியில் இயல்பிருப்பு 4 நிமிடம். லினக்ஸ் கருவகமோ 7,200 நொடிகளுக்குப் பின்னரே இணைப்பு உயிருடன் உள்ளதா என்று தானாகச் சோதிக்கும். அதற்குள் குறிப்பு அழிந்திருக்கும்.

பயனர் தம் கணினியின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் 'சர்வர் அலைவ் இன்டர்வல்' மதிப்பை 60 என இட்டால் நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு சிறு செய்தி செல்லும், குறிப்பு அழியாது. இதற்கு வழங்கி நிர்வாகியின் அனுமதி தேவையில்லை. எந்தப் பாதுகாப்பு விதியும் இதனால் மீறப்படுவதில்லை.

ஆயினும் இணைப்பு எப்போதேனும் அறுந்தே தீரும். எனவே பணியை 'ஸ்கிரீன்' அல்லது 'டிமக்ஸ்' போன்ற முனையப் பகுப்பிகளுக்குள் தொடங்குவதே தக்கது. முன்னது 1987 முதலும் பின்னது 2007 முதலும் கிடைக்கின்றன. இவை பயனரின் முனையத்தை வழங்கியிலேயே பாதுகாத்துவைக்கும். இணைப்பு அறுந்தாலும் மறுநாள் வேறோர் ஊரில் இருந்து இணைந்து அதே முனையத்தைத் திறக்கலாம். 2016இல் வெளியான சிஸ்டம்டி 230 பதிப்பு, விடுபதிகையின்போது பயனரின் எல்லா நிரல்களையும் முடிப்பதை இயல்பிருப்பாக்கியது. டிமக்ஸும் அதற்குத் தப்பவில்லை. பயனர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. டெபியன் போன்ற வழங்கல்கள் அதை மாற்றியமைத்தன. ஏதேனும் ஒரு வழங்கியில் டிமக்ஸ் அமர்வு காணாமற் போனால், பயனரின் நிரல்கள் தங்கியிருக்க அனுமதிக்கும் 'லிங்கர்' அமைப்பை நிர்வாகியிடம் கேட்டுப் பெற வேண்டும். நாள்தோறும் ஓட வேண்டிய நிரலுக்கு முனையம் எதற்கு? அதைச் சிஸ்டம்டி சேவையாகவே பதிந்துவிடலாம்.

வரைகலை மேசைத்தளம் உள்ள லினக்ஸில் பூட்டும் உண்டு. குனோமில் திரை அணையும் நேரத்தின் இயல்பிருப்பு 5 நிமிடம். இந்நேரத்தையும், திரை அணைந்ததும் பூட்ட வேண்டுமா என்பதையும் பயனரே அமைப்புகளில் மாற்றலாம்.

சுட்டெலியை ஆட்டும் கருவிகள்

பூட்டை ஏமாற்றும் கருவிகளும் உள்ளன. சில சுட்டெலியை மெல்ல அசைப்பதாகப் பாவனை செய்கின்றன. 'கஃபீன்' என்ற சிறு நிரல், 59 நொடிகளுக்கு ஒருமுறை எஃப்15 விசையை அழுத்துவதாகக் காட்டும். பெரும்பாலான விசைப்பலகைகளில் அவ்விசையே கிடையாது என்பதால் வேறு பாதிப்பு இராது. மைக்ரோசாப்டின் பவர்டாய்சில் உள்ள 'அவேக்' கணினி உறங்குவதைத் தடுக்கும். உறக்கத்தைத் தடுக்கும்படி ஒரு நிரல் விண்டோஸிடம் விடுக்கும் வேண்டுகோள் திரைக்காப்பைத் தடுக்காது என்று மைக்ரோசாப்டின் ஆவணமே கூறுகிறது.

தொலைமேசையில் இவற்றை எங்கு நிறுவுவது என்பதிலும் குழப்பம் உண்டு. பயனரின் கணினிக்கும் வழங்கிக்கும் தனித்தனிப் பூட்டுகள் இருப்பதால், ஒன்றில் ஓடும் கருவி மற்றதைக் காப்பதில்லை. எவ்வாறாயினும் இவை நிர்வாகியின் கண்ணில் மண்ணைத் தூவும் முறைகளே. வேலை செய்வதாகக் காட்ட விசைப்பலகை இயக்கத்தைப் போலியாக உருவாக்கியதற்காக, அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி 2024இல் பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பணிநீக்கம் செய்ததாகச் செய்திகள் வெளியாயின. காரணத்தைக் கூறி விலக்குக் கேட்பது நேர்மையானது, நீடித்தும் நிற்கும்.

பாதுகாப்பு

பூட்டு எதற்காக இருக்கிறது என்பதைக் கன்னியாகுமரிக்கு அண்மையிலேயே நடந்த ஒரு நிகழ்வு உணர்த்துகிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் வலையமைப்பில் தீநிரல் புகுந்ததாக 2019 அக்டோபர் இறுதியில் செய்தி பரவியது. முதலில் நிலையம் அதை மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் தன் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என அறிவித்தது. செப்டம்பர் 4 அன்றே கணினி அவசரநிலை உதவிக் குழுவான செர்ட்-இன் இதைத் தெரிவித்திருந்தது. பாதிக்கப்பட்டது இணையத்துடன் இணைந்த நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினி என்றும், முக்கியமான உள் வலையமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டிருந்தது என்றும் கழகம் விளக்கியது.

அது செயலற்ற நேரப் பூட்டால் நேர்ந்ததோ தடுக்கப்பட்டிருக்கக்கூடியதோ அன்று. எனினும் தொலை வழங்கியை நிர்வகிப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் உண்டு. தாக்குவோர் பெரும்பாலும் இயந்திரத்தின் கட்டுப்பாட்டை நேரடியாகத் தேடுவதில்லை. ஒரு சாதாரண ஊழியரின் கணினியில் நுழைந்து, அங்கிருந்து திறந்துகிடக்கும் கதவுகளைத் தேடுகின்றனர். நிர்வாகி உரிமையுடன் நாள் முழுதும் பூட்டாமல் திறந்துகிடக்கும் தொலைமேசைச் சாளரம் அத்தகைய கதவு. அதற்குக் கடவுச்சொல்லைத் திருடும் வேலைகூட இல்லை.

இதனால்தான் பல தர விதிகள் பூட்டைக் கட்டாயமாக்குகின்றன. பண அட்டைத் தரவுகளைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ விதிமுறை, 15 நிமிடத்திற்கு மேல் செயலற்றிருந்தால் மீண்டும் அடையாளம் கேட்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை பூட்டைப் பற்றியது அன்று. ஆனால் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிப் பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும் என்றும் அது விதித்தது. ஒரே திறந்த அமர்வைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் வழங்கியில், பதிவுகள் இருந்தும் யார் எதைச் செய்தார் என்று சொல்ல இயலாது.

பூட்டை நீக்க வேண்டிய இடங்கள்

கட்டுப்பாட்டு அறைச் சுவரில் இடைவிடாமல் தெரிய வேண்டிய கண்காணிப்புத் திரை போன்ற சில இடங்களில் பூட்டு உண்மையிலேயே ஒவ்வாதது. புயல் இரவில் காற்றின் வேகத்தைப் பார்க்க ஓடிவரும் பணியாளர் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அங்கு விலக்கு, வழங்கி முழுமைக்கும் அன்றி ஒரு கணக்கிற்கு மட்டும் தரப்பட வேண்டும். அக்கணக்கால் அளவீடுகளைப் பார்க்க மட்டுமே முடிய வேண்டும். காற்றாலையை நிறுத்தவோ அமைப்புகளை மாற்றவோ முடியக் கூடாது. திரைக்காப்புக் கொள்கை பயனர் வாரியாக அமைவதால் விண்டோஸில் இதைச் செய்வது எளிது. கணினி முழுமைக்குமான வரம்பு விதிக்கப்பட்டிருந்தால், சுவர்த்திரைக்கென்று தனிக் கணினி ஒன்றை ஒதுக்கி, அதை மட்டும் வேறு கொள்கைக் குழுவில் வைக்கலாம். தரவை உலாவியில் காட்டும் வசதி இருந்தால் அக்கணினி வழங்கியினுள் நுழையவே தேவையில்லை.

அத்தகைய கணினி வெளி இணையத்தில் இருந்து நேரடியாக அணுகத்தக்கதாக இருத்தல் ஆகாது. தொலைமேசையின் வழக்கமான 3389ஆம் துறையைத் திசைவியில் திறந்துவைப்பது, பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடரானதே. மெய்நிகர் தனிப்பட்ட வலையமைப்பு, இரண்டாம் அடையாளச் சோதனை ஆகியவற்றைக் கடந்த பின்னரே தொலைமேசை தெரிய வேண்டும். விலக்கு அளிக்கப்பட்ட கணக்கின் பெயர், காரணம், பொறுப்பாளர், மீளாய்வு செய்யும் நாள் ஆகியவற்றை எழுதிவைப்பது வழக்கம். காற்றுக் காலத்திற்கென்று தரப்பட்ட விலக்கை அக்டோபரில் திரும்பப் பெற மறந்துவிடுவதே இவற்றில் பெரும்பாலும் நேரும் குறை.